டி.வி.யில் பாடும் குழந்தைகள்: எது நிஜம், எது ஜோடனை?



இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். புளியங்குடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. அவர் எழுதியதில் கொஞ்சத்தை அவர் பேச்சிலேயே தருகிறேன்.

"எங்க வீட்டுக்காரவுக எலுமிச்சை மண்டியில வேலை பாக்காக. எனக்கு 9 வயசுல ஒரு பொண்ணு. நல்லாப் பாடுவா. கோயில் கொடையில மைக்கைப் பிடிச்சுப் பாடுனதுல இருந்து தெருவே 'டி.வி.க்கு அனுப்பு, டி.வி.க்கு அனுப்பு'ன்னு சொல்லுது. என் கொழுந்தனாருக்குத் தெரிஞ்ச ஒருத்தர், 15,000 ரூபாய் குடுத்தா முதல் ரவுண்டு எதுவும் இல்லாம நேரா ஜட்ஜ் முன்னாடி நிறுத்திருவேன்னு சொல்லுதாரு. என் செயினை அடகு வச்சா முடியும். எங்க அத்தையோ, 'அதெல்லாம் நாடகம்ட்டி, யாருக்குப் பரிசுன்னு முன்னாலேயே எழுதி வச்சிருப்பான்'ங்காக. பிள்ளை ராத்திரி படுக்கும்போதுகூட 'எப்பம்மா போவோம்?'னு கேக்கா. அந்த நிகழ்ச்சியெல்லாம் நெசந்தானா? போகலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும் அக்கா."

முதலில் அவசரமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சகோதரி, செயினைக் கழற்றாதீர்கள். திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்லும் இடத்தில், பணம் வாங்கிக்கொண்டு குறுக்கு வழியில் நுழைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, அவர் உங்களை ஏமாற்றுகிறார். இல்லை, அவர் சொல்வது உண்மை என்றால், அந்தப் போட்டியே ஏமாற்று. எப்படிப் பார்த்தாலும் அந்த 15,000 ரூபாய் வீண்தான். தேர்வு எங்கே, என்றைக்கு என்பதைச் சேனலே தன் திரையில் அறிவிக்கும். அங்கே நேராக விசாரித்துக்கொள்ளுங்கள். நடுவில் யாரும் வேண்டாம்.

இனி நிதானமாகப் பேசலாம். நிகழ்ச்சி நிஜமா என்ற கேள்வி புளியங்குடியில் மட்டும் கேட்கப்படுவதில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும் பல தாய்மார்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும்.

மண்டியில் அடுக்கிய பழம்

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மண்டியில் பழத்தை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்று அந்த ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிது, சிறிது, நிறம், பளபளப்பு என்று பிரித்து, கண்ணில் படுகிற இடத்தில் நல்ல பழமாகப் பார்த்து வைப்பார்கள். மேலே இருப்பதும் அதே தோட்டத்துப் பழம்தான். அதில் பொய் கிடையாது. ஆனால் மேலே தெரிவதை வைத்து முழுத் தோட்டத்தையும் எடை போட முடியுமா?

டெலிவிஷன் போட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். பாடுகிற குழந்தை நிஜம். அதன் குரலும் உழைப்பும் நிஜம். ஆனால் நாம் பார்ப்பது, நடந்ததில் பொறுக்கி எடுத்து அடுக்கியதைத்தான். ஒரு மணி நேரம் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்குப் படப்பிடிப்பு நாள் முழுக்க நடக்கலாம். பிரபல நடுவர்கள் முன்னால் குழந்தை வந்து நிற்பதற்கு முன்பே, திரையில் வராத ஆரம்பச் சுற்றுகளில் நிகழ்ச்சிக் குழுவினர் பெரும்பாலானவர்களைக் கழித்துவிட்டிருப்பார்கள். அங்கே குரலை மட்டும் பார்ப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். துறுதுறுவென்று பேசுகிற பிள்ளை, கேட்டால் மனசு இளகுகிற குடும்பக் கதை, இவையும் கணக்கில் வரும். பார்ப்பவர்கள் சேனலை மாற்றக் கூடாதே!

படம் எடுத்த பிறகு எடிட்டிங் மேஜை இருக்கிறது. நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வது காலையில் வேறொரு பாட்டுக்காக இருக்கலாம். அதைச் சாயங்காலம் பாடிய குழந்தையின் பாட்டுக்கு நடுவில் ஒட்ட வைப்பது பெரிய வித்தை இல்லை. சோகமாக ஒரு வயலின், அம்மாவின் முகம், இரண்டு விநாடி மௌனம், அவ்வளவுதான், நமக்குத் தொண்டை அடைத்துவிடும். பாட்டின் ஒலியையும் பதிவுக்குப் பின் சீர்செய்யலாம். சுருதி இலேசாக விலகியிருந்தால் நேர்செய்யக் கருவிகள் வந்துவிட்டன. அதனால்தான் சொல்கிறேன், டி.வி.யில் வரும் பிள்ளையின் பாட்டைக் கேட்டுவிட்டு, அடுக்களையில் பாடும் உங்கள் பிள்ளையிடம் "அவளை மாதிரி ஏன் பாட மாட்டேங்கிறே?" என்று கேட்காதீர்கள். அது நியாயமான ஒப்பீடே இல்லை.

ஓட்டு விஷயமும் இருக்கிறது. எஸ்.எம்.எஸ்., இணையம் வழியாக வரும் ஓட்டு, யார் நன்றாகப் பாடினார்கள் என்பதை அளப்பதில்லை. யாருக்காக எத்தனை பேர் போனை எடுத்தார்கள் என்பதைத்தான் அளக்கிறது. வெளியேறிய பிள்ளையை 'வைல்ட் கார்டு' என்று திரும்பக் கூட்டி வருவதும் உண்டு. இதெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. அது அந்த விளையாட்டின் விதி. ஆனால் தோற்று வந்த குழந்தை "எனக்குப் பாட வரலை" என்று நினைத்துக்கொண்டால், அது பொய்யான முடிவு.

ஆக, உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி. முழுக்க நாடகமும் இல்லை, முழுக்க நிஜமும் இல்லை.

வசனம் யாருடையது?

2022 ஜனவரியில் நம் தமிழ்நாட்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் ராஜா, மந்திரி வேஷத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். அதில் பணமதிப்பு நீக்கத்தைப் பற்றி வந்த கிண்டல் பிரதமரை இழிவுபடுத்துகிறது என்று பா.ஜ.க.வினர் புகார் செய்தார்கள். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனலிடம் விளக்கம் கேட்டது. அரசியலைக் கேலி செய்வது சரியா, தப்பா என்று ஊரெல்லாம் வாதம் நடந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு தாயாக எனக்குத் தோன்றியது வேறு. சிறுபிள்ளைகள் பேசிய வார்த்தைக்காகப் பெரியவர்கள் நோட்டீஸ் வரைக்கும் போனார்களே, அந்த வார்த்தையின் முழு அர்த்தமும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்குமா? குழந்தை வயதுக்கு மீறிப் பேசும்போது நாம் "என்ன அறிவு பாரேன்!" என்று கைதட்டுகிறோம். அந்த அறிவு பெரும்பாலும் பின்னால் நிற்கும் பெரியவருடையது. திட்டு விழுந்தால் முன்னால் நிற்பது குழந்தை.

இது இன்று நேற்று தோன்றியதும் அல்ல, நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்காவில் 1950-களில் டெலிவிஷன் வினாடி வினாப் போட்டிகள் அமோகமாக ஓடின. அப்படி ஒன்றில் பேட்டி டியூக் என்ற சிறுமி 32,000 டாலர் ஜெயித்தாள். தேசமே மெச்சியது. பின்னால், இப்படிப்பட்ட போட்டிகளில் சிலருக்கு முன்கூட்டியே விடை சொல்லித்தரப்பட்டது வெளியே வந்து, 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. தனக்கும் விடைகள் சொல்லித்தரப்பட்டன என்று அந்தச் சிறுமியும் சாட்சி சொல்ல நேர்ந்தது. 1960-ல் போட்டிகளை ஜோடிப்பது குற்றம் என்று சட்டமே வந்தது. அவள் 16 வயதிலேயே ஆஸ்கார் வாங்கிய நிஜமான திறமைசாலி. அப்படிப்பட்ட பிள்ளையையும் பொய்க்குத் துணை போக வைத்தவர்கள் பெரியவர்கள்தான்.

இங்கிலாந்தின் பி.பி.சி. எவ்வளவு பேர்பெற்ற நிறுவனம்! அதன் குழந்தைகள் நிகழ்ச்சியான 'புளூ பீட்டர்' 2006-ல் ஒரு டெலிபோன் போட்டி நடத்தியது. கருவிக் கோளாறால் அழைப்புகள் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு குழந்தையை, வெளியிலிருந்து போன் செய்து ஜெயித்தவள் போலப் பேச வைத்தார்கள். விஷயம் வெளிவந்து, 2007-ல் 50,000 பவுன் அபராதம் கட்டினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நிகழ்ச்சி நின்றுவிடக் கூடாதே என்ற பதற்றம். ஆனால் அந்தக் குழந்தை அன்று கற்றுக்கொண்ட பாடம் என்ன?

அழுகை மட்டும் ஜோடனை இல்லை

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். நிகழ்ச்சியை எவ்வளவு ஜோடித்திருந்தாலும், குழந்தைக்குள் நடப்பது நிஜம். பெரிய நடிகருக்குக் காமிரா அணைந்ததும் காட்சி முடிந்துவிடும். 9 வயதுப் பிள்ளைக்கு அப்படி முடியாது. நடுவர் சொன்ன ஒரு சொல் வீட்டுக்கும் வரும், பள்ளிக்கூடத்துக்கும் வரும், கனவிலும் வரும். போதாக்குறைக்கு இப்போது அந்தத் துண்டுப் படம் செல்போனில் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது.

2008-ல் கொல்கத்தாவில் 16 வயது மாணவி ஒருத்தி ஒரு வங்காள சேனலின் நடனப் போட்டியில் கலந்துகொண்டாள். நடுவர்கள் கடுமையாகக் குறை சொன்னார்கள். அதன் பிறகு அவள் மனமுடைந்து, பேச்சே நின்று, கை கால் அசைவும் குன்றிப்போய், பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்தத் திட்டு மட்டும்தான் காரணமா என்பதில் அப்போதே இரண்டு அபிப்பிராயம் இருந்தது. ஆனால், குழந்தைகளை இப்படி மேடையில் நிறுத்தி வார்த்தையால் அடிக்கலாமா என்ற கேள்வி அன்றுதான் தேசம் முழுக்க எழுந்தது. 2017-ல் இந்தி சினிமா டைரக்டர் ஷூஜித் சர்க்கார், குழந்தைகளை வைத்து நடத்தும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளையே தடை செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

தடை செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நல்லதும் நடந்திருக்கிறது. விஜய் டி.வி.யின் சூப்பர் சிங்கர் ஜூனியரில் பாடிய அல்கா அஜித்தும் பிரியங்காவும் பின்னால் சினிமாவில் பின்னணி பாடினார்கள். கையில் காசில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு மேடை லேசில் கிடைக்காது. ஆனால் வந்து பாடிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். நாம் பெயர் சொல்வது விரல்விட்டு எண்ணும் சிலரைத்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

பல தாய்மார்களுக்கு இது தெரிவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகள், படத்திலும் டி.வி.யிலும் கலந்துகொள்ளும் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு தருகின்றன. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

* ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வு தராமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
* தயாரிப்பாளர், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டிடம், அதாவது கலெக்டரிடம், அனுமதி பெற வேண்டும்.
* 5 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், அவர்களைக் கவனிக்கப் பொறுப்பான ஆள் இருக்க வேண்டும்.
* படிப்பு தடைப்படாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
* குழந்தைக்குக் கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதம், தேசிய வங்கியில் குழந்தை பெயரில் பிக்சட் டெபாசிட்டாகப் போட வேண்டும்.
* குழந்தைக்கு விருப்பம் இல்லாவிட்டால் கலந்துகொள்ள வைக்கவே கூடாது.

கடைசி விதியைப் பாருங்கள். "உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று குழந்தையைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

2019-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், நடன நிகழ்ச்சிகளில் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் போல ஆபாசமாக ஆட வைக்க வேண்டாம் என்று சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவு நெறிமுறைகளில், குழந்தைகளைக் கேலிக்கும் அவமானத்துக்கும் கடுஞ்சொல்லுக்கும் ஆளாக்கக் கூடாது என்று இருக்கிறது. எந்த இடத்திலாவது குழந்தைக்குக் கஷ்டம் நேர்ந்தால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

தொண்டையும் தூக்கமும்

இது ஆரோக்கியப் பத்திரிகையும் ஆயிற்றே, உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி 11 மணிக்குப் படப்பிடிப்பு முடிந்து, மறுநாள் பள்ளிக்கூடம் என்றால் கட்டுப்படியாகாது. புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் போய் ரயிலேறினால் ராத்திரி முழுக்கப் பயணம், 600 கிலோமீட்டருக்கு மேல். போன களைப்பு தீருவதற்குள் பாடச் சொல்வார்கள்.

குழந்தையின் குரல்வளை மென்மையானது. உச்சத்தில் கத்திக் கத்திப் பழகினால் குரல் நாண்களில் சிறு முடிச்சு விழலாம். குரல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தால், மிளகுக் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பாடுவதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். பசி தெரியாமல் இருக்கக் கூல் டிரிங்க் வாங்கிக் கொடுக்காதீர்கள். கையில் இட்லிப் பொட்டலம் இருக்கட்டும்.

போவதென்றால் இப்படிப் போங்கள்

புளியங்குடிச் சகோதரிக்கும், அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது:

தேர்வு பக்கத்து ஊருக்கு வரும்போது, பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்து, செலவு கையைக் கடிக்காத அளவில் கூட்டிப் போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். கடன் வாங்கிப் போனால், வேண்டாம் என்று நினைத்தாலும், "உனக்காக எவ்வளவு செலவு பண்ணினோம்" என்ற வார்த்தை ஒரு நாள் வாயில் வந்துவிடும். அந்தப் பாரத்தைச் சுமக்க 9 வயது போதாது.

கிளம்புவதற்கு முன்பே, "அங்கே பாட்டு மட்டும் பார்க்க மாட்டாங்க, அவங்க நிகழ்ச்சிக்கு ஏத்த பிள்ளையைத் தேடுவாங்க. எடுத்தாலும் சந்தோஷம், எடுக்காட்டாலும் நாம அல்வா வாங்கிட்டு வரலாம்" என்று குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். இதைத் தோற்ற பிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் இருக்கும். முன்னால் சொன்னால்தான் பிள்ளை நம்பும்.

காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போடாதீர்கள். இங்கிலீஷில் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லுங்கள். குழந்தையின் படத்தை எத்தனை வருஷம், எங்கெல்லாம் காட்டலாம், நடுவில் விலகினால் என்ன ஆகும், வேறு மேடையில் பாட அனுமதி உண்டா, பயணச் செலவு யாருடையது என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

படப்பிடிப்பில் குழந்தை உங்கள் கண் பார்வையில் இருக்க வேண்டும். குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழச் சொன்னால், "அது மட்டும் வேண்டாம் சார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார் என்பது வெட்கப்படும் விஷயமும் இல்லை, விற்பனைக்கு வைக்கும் விஷயமும் இல்லை.

தேர்வாகாவிட்டால் பாட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளியிலிருந்து மாவட்டம், மாநிலம் வரை போகலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் சொல்லித்தருகிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். அடகு வைக்க நினைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை மாதாமாதம் ஒரு நல்ல பாட்டு வாத்தியாருக்குக் கொடுத்தால், அது வீண் போகாது.

இன்னொன்று, சகோதரி. உங்கள் மகள் "எப்பம்மா போவோம்?" என்று கேட்கிறாளே, அவள் கேட்பது டி.வி.க்குப் போவதையா, பாடுவதையா என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பாடுவதுதான் ஆசை என்றால், அதற்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. அடுத்த கொடைக்கு மைக் செட்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிப் போட்டிகளுக்குப் போய் வந்திருந்தால், நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். மற்ற தாய்மார்களுக்கு உதவும். அடுத்த இதழில் சந்திப்போம்.